கட்டற்ற மென்பொருளுக்குப் பணம் திரட்டுவது: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் மாற்றவும் கூடிய என் மென்பொருளுக்கு, நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் நன்கொடை கேட்கும் ஸ்பான்சர் பட்டன் வைத்திருக்கிறேன், யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நன்கொடையை நம்பி வாழ முடியாதா?

பட்டனை மட்டும் நம்பினால் பெரும்பாலும் முடியாது. இணையத் தகவலைப் பாதுகாப்பாக மறையாக்கி அனுப்பும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற கட்டற்ற மென்பொருளை நம்பி எத்தனையோ வங்கித் தளங்களும் கடைகளும் இணையத்தில் ஓடிக்கொண்டிருந்தபோதே அதற்கு ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலர்தான் நன்கொடை வந்தது. 2014 ஏப்ரலில் அதில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை தெரியவந்து ஊரே பதறிய பிறகுதான் லினக்ஸ் ஃபவுண்டேஷன் என்ற லாப நோக்கற்ற அமைப்பு பெரிய நிறுவனங்களிடம் நிதி திரட்டியது. இன்றைக்கும் எனக்கு அது கோபம் வரவைக்கிற விஷயம்தான்.

கேள்வி: அப்போ முப்பரிமாணப் படம் செய்யும் பிளெண்டர் மென்பொருளுக்கு மட்டும் எப்படிப் பணம் வருகிறது?

இவ்வளவு தொகை, இதற்காக என்று கேட்டார்கள். 2002இல் அதை உருவாக்கிய நிறுவனம் மூடப்பட்டதும், மூல நிரலை விடுவிக்க முதலீட்டாளர்களுக்கு 1 லட்சம் யூரோ தர வேண்டியிருந்தது. பிளெண்டரை உருவாக்கிய டோன் ரோசெண்டால் பயனர்களிடமே கேட்டார், ஏழு வாரத்தில் சேர்ந்துவிட்டது. அப்புறம் பிளெண்டரிலேயே படம் எடுத்து டிவிடியை முன்கூட்டியே விற்றார்கள். இப்போது மாதாமாதம் தனிநபர்களும் நிறுவனங்களும் பணம் கட்டுகிற மேம்பாட்டு நிதி இருக்கிறது. சம்பளத்துக்கு ஆள் வைக்க இந்த மாதக் கணக்குதான் உதவும், ஒரே தடவை வருகிற பெருந்தொகை உதவாது.

கேள்வி: எங்கள் கம்பெனி இலவச நிரல் நூலகங்களை (மற்றவர்கள் எழுதிவைத்த ஆயத்த நிரல்களை) வைத்தே சம்பாதிக்கிறது, ஆனால் நன்கொடை என்றால் மேலாளர் கையெழுத்துப் போட மாட்டார்.

நன்கொடை என்று கேட்காதீர்கள். ஆதரவு ஒப்பந்தம், ஒரு வசதியைச் சேர்த்துத் தரும் வேலை, பயிற்சி, இப்படி இன்வாய்ஸாகப் போனால் கணக்குப் பிரிவு தயங்காமல் பணம் விடுவிக்கும். நூலகத்தை எழுதியவரைத் தொடர்பு கொண்டு, பில் தர முடியுமா என்று நீங்களே கேளுங்கள்.

கேள்வி: மென்பொருளை யார் எப்படிப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் உரிமத்தைக் கடுமையாக மாற்றிவிட்டால்?

எனக்குப் பிடிக்காத வழி. தரவுத்தள மென்பொருளான ரெடிஸ் 2024 மார்ச்சில் மாற்றியது, அதே மாதம் அதன் பழைய நிரலிலிருந்து வால்கீ என்ற தனிக் கிளை பிறந்தது, 2025இல் ரெடிஸே ஏஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்தையும் ஒரு தெரிவாகச் சேர்த்தது. பங்களித்தவர்களின் நம்பிக்கை போனால் எளிதில் திரும்பாது.

கேள்வி: இந்தியாவில் யாராவது கொடுக்கிறார்களா சார்?

பங்குத் தரகு நிறுவனமான ஜெரோதா 2024 அக்டோபரில் கட்டற்ற மென்பொருளுக்காக ஃப்ளாஸ் ஃபண்ட் என்ற நிதியைத் தொடங்கியது. ஆண்டுக்கு 10 லட்சம் டாலர், ஒரு திட்டத்துக்கு 10,000 முதல் 1 லட்சம் டாலர் வரை, எந்த நாட்டுத் திட்டமும் கேட்கலாம். உங்கள் தேவையை ஃபண்டிங்.ஜேசன் (funding.json) என்ற கோப்பில் எழுதி வைக்க வேண்டும். ஏற்கெனவே பலர் பயன்படுத்துகிற திட்டமாக இருந்தால் தயங்காமல் விண்ணப்பியுங்கள், தொகையை மட்டும் குறைத்துக் கேட்காதீர்கள்.