பேபி கேரியரில் தூக்கினால் குழந்தையின் கால் வளையுமா?

கேள்வி: என் மகளுக்கு இரண்டரை மாதம் ஆகிறது, எடை 4.8 கிலோ. சிசேரியன். சாயங்காலம் ஆனாலே இறக்கி வைக்க விடுவதில்லை, ஒரே அழுகை, எனக்குக் கை விட்டுப்போகிறது. பேபி கேரியர் வாங்கலாம் என்றால் மாமியார், 'காலை அகட்டி வைத்தால் வளைந்துவிடும், கைச்சூடு வேறு பழகிவிடும்' என்கிறார். கணவருக்கோ குழந்தையை வெளியே பார்க்கிற மாதிரி மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் போக ஆசை. எதை வாங்குவது, எப்படிப் பயன்படுத்துவது?
- ஒரு வாசகி, கோவை

பதில்: முதலில் மாமியாரின் பயத்தை எடுத்துக்கொள்வோம். அது தீராவிட்டால் எவ்வளவு நல்ல கேரியர் வாங்கினாலும் பீரோவுக்குள்தான் கிடக்கும். கால் வளையாது. பச்சைக் குழந்தைக்குக் கால் இயல்பிலேயே கொஞ்சம் வளைந்துதான் இருக்கும், வயிற்றுக்குள் மடக்கியே கிடந்ததால் வந்தது அது, நடக்கத் தொடங்கி இரண்டு வயது வாக்கில் பெரும்பாலும் தானாகவே நேராகிவிடும். தொடை எலும்பின் உருண்டைத் தலை, இடுப்பெலும்பில் உள்ள குழிக்குள் சரியாக உட்கார்ந்திருக்க வேண்டும். முதல் சில மாதங்களில் அந்தக் குழி இன்னும் குருத்தெலும்பாக, மெத்தென்று இருக்கிறது. முட்டியை மடக்கிக் காலை அகட்டி வைத்தால் உருண்டை உள்ளே நன்றாகப் பொருந்தும். இரண்டு காலையும் சேர்த்து, நீட்டிக் கட்டினால்தான் நழுவப் பார்க்கும். ஜப்பானில் குழந்தையின் காலை நீட்டிச் சுற்றுகிற பழக்கத்தை விடச் சொல்லி 1970-களில் நாடு முழுக்கச் சொல்லிக்கொடுத்தார்கள், அதன் பிறகு இடுப்பு மூட்டு விலகல் அங்கே வெகுவாகக் குறைந்தது. உங்கள் மாமியாரும் தன் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டுதானே தண்ணீர் பிடித்திருப்பார், அப்போது பிள்ளையின் கால் எப்படி இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். அதே அகட்டல்தான்.

ஒன்று மட்டும். குழந்தை வயிற்றில் தலை மேலேயும் பிட்டம் கீழேயுமாக இருந்ததால் சிசேரியன் செய்தார்களா? அல்லது குடும்பத்தில் யாருக்காவது பிறவியிலேயே இடுப்பு மூட்டு விலகல் உண்டா? அப்படியென்றால் கேரியர் வாங்குவதற்கு முன் குழந்தை மருத்துவரிடம் காட்டி, இடுப்புக்கு ஒரு ஸ்கேன் தேவையா என்று கேளுங்கள்.

சரி, எதை வாங்குவது? நீளத் துணியைச் சுற்றிக் கட்டுகிற ரேப், வளையத்தில் கோத்து ஒரு தோளில் போடுகிற ரிங் ஸ்லிங், பக்கிளும் இடுப்புப் பட்டையும் வைத்த கேரியர் என மூன்று வகைதான் அதிகம் கிடைக்கிறது. ரேப் இந்த வயதுக்கு அழகாகப் பொருந்தும், ஆனால் கட்டிப் பழக நாளாகும், நம் ஊர் வெயிலில் அந்தச் சுற்றுத் துணி தாயையும் பிள்ளையையும் சேர்த்து வேக வைக்கும். வீட்டில் நீங்களும் கணவரும் மாற்றி மாற்றித் தூக்கப்போகிறீர்கள் என்றால் பக்கிள் வைத்ததே வசதி, பட்டையை ஆளுக்கேற்ப இழுத்துக்கொண்டால் போதும். விலையைப் பார்க்காதீர்கள், உட்காரும் இடத்துத் துணியின் அகலத்தைப் பாருங்கள். ஒரு முட்டி மடிப்பிலிருந்து இன்னொரு முட்டி மடிப்பு வரை அது தாங்க வேண்டும், முட்டி பிட்டத்தைவிடக் கொஞ்சம் உயரத்தில் இருக்க வேண்டும், பார்த்தால் தவளை உட்கார்ந்த மாதிரி. கவட்டையில் மட்டும் குறுகலாகத் துணி ஓடி, இரண்டு காலும் கீழே தொங்குகிற மாடல்கள் மலிவாக நிறைய வருகின்றன. அவை வேண்டாம். குறைந்தபட்ச எடை எவ்வளவு என்று லேபிளில் இருக்கும், பாருங்கள். பல கேரியர்களுக்கு மூன்றரை கிலோ வாக்கில்தான், உங்கள் மகள் அதைத் தாண்டிவிட்டாள். ஆனால் சிலவற்றுக்கு இந்த வயதில் உள்ளே தனியாக ஒரு மெத்தை வைக்க வேண்டியிருக்கும்.

நான் அதிகம் பயப்படுவது மூச்சுக்குத்தான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இந்த வயதில் தலை கனம், கழுத்துக்குப் பலம் கிடையாது, மூச்சுக்குழாய் மெலிந்த, எளிதில் மடங்குகிற குழாய். முதுகு கூன் போட்டு, தாடை நெஞ்சில் போய் அழுந்தினால் அந்தக் குழாய் மடங்கிவிடும். பெரியவர்கள் என்றால் தலையைத் தூக்கிவிடுவோம், குழந்தையால் முடியாது, சத்தம் போடக்கூட முடியாது. தூங்குகிறாள் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். பை மாதிரித் தொங்கி, குழந்தை உள்ளே சுருண்டு படுக்கிற ஸ்லிங்குகளில் இப்படி இறப்புகள் நடந்ததால்தான் 2010-ல் அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், நான்கு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகள் விஷயத்தில் கவனம் என்று எச்சரித்தது. குறைமாதத்தில், எடை குறைவாகப் பிறந்த குழந்தைகளுக்கும், சளி பிடித்து மூக்கடைத்த குழந்தைகளுக்கும் ஆபத்து இன்னும் அதிகம்.

அதனால் மாட்டியதும் கண்ணாடி முன்னால் நின்று பாருங்கள். குனிந்தால் உச்சந்தலையில் முத்தம் கொடுக்க முடிகிற உயரத்தில் இருக்கிறாளா? தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே உங்கள் இரண்டு விரல் நுழைகிறதா? மூக்கும் வாயும் திறந்து, உங்கள் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருக்கின்றனவா? அப்புறம் முதுகில் உள்ளங்கையை வைத்து மெல்ல அழுத்துங்கள். அவள் உங்கள் பக்கம் இன்னும் நெருங்கி வந்தால் கேரியர் தளர்வாக இருக்கிறது, பட்டையை இழுத்து இறுக்குங்கள். தளர்வாக விட்டால் குழந்தைக்குச் சௌகரியம் என்று பலர் நினைக்கிறார்கள். தளர்ந்த கேரியரில்தான் பிள்ளை கீழே சரிந்து கூன் போடும். கேரியரிலேயே பால் கொடுத்துக்கொண்டு வீட்டு வேலை பார்ப்பதும் இப்போதைக்கு வேண்டாம், உட்கார்ந்து கொடுங்கள், கொடுத்து முடித்ததும் நேராகத் தூக்கி மறுபடி மாட்டுங்கள்.

அப்புறம் தாலிச் சரடு. அதில் கோத்திருக்கிற ஊக்குகளைக் கழற்றிவிட்டுத்தான் குழந்தையை மாட்ட வேண்டும். குழந்தையின் கன்னம் நேராக அங்கேதான் வந்து அழுந்தும், கண்ணுக்குப் பக்கத்தில் கீறலோடு வருகிற குழந்தைகளை நான் பார்ப்பதுண்டு. சரடை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டாலும் சரிதான். வெயிலுக்கு, தூசிக்கு என்று சேலை முந்தானையையோ துப்பட்டாவையோ முகத்துக்கு மேல் போர்த்தாதீர்கள், ஒரு குடை போதும்.

வெயில் என்றதும் இன்னொன்று. கேரியரே ஒரு சட்டை மாதிரிதான், போதாததற்கு உங்கள் உடம்புச் சூடும் சேரும். உள்ளே ஒரு மெல்லிய பருத்திச் சட்டை போதும், ஸ்வெட்டர், குல்லா எதுவும் வேண்டாம். கை கால் சில்லென்று இருக்கிறதே என்று பார்க்காமல் பிடரியைத் தொட்டுப் பாருங்கள், வியர்த்திருந்தால் இறக்கிவிடுங்கள். தண்ணீர் கொடுக்கச் சொல்வார்கள், ஆறு மாதம் வரை தாய்ப்பால்தான், வெயில் நாளில் அடிக்கடி கொடுத்தால் போதும்.

கேரியரில் பிள்ளையை வைத்துக்கொண்டு அடுப்பு முன்னால் நிற்காதீர்கள். தாளிக்கும்போது தெறிக்கிற கடுகு நேராகக் குழந்தை மேல்தான் விழும்.

சாயங்கால அழுகைக்கு வருகிறேன். ஆறு வாரம் வாக்கில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தணிகிற அழுகை இது, உங்களுக்கு அந்த மோசமான கட்டம் அநேகமாகத் தாண்டிவிட்டது. கனடாவில் 1986-ல் நடந்த ஓர் ஆய்வில், அழாத நேரத்திலும் சேர்த்து அதிகமாகத் தூக்கி வைத்திருந்த குழந்தைகள் ஆறாவது வாரத்தில் 43 சதவீதம் குறைவாக அழுதார்கள். ஆனால் ஏற்கெனவே விடாமல் வீறிட்டு அழுகிற குழந்தைகளிடம் பிறகு சோதித்தபோது இந்தப் பலன் கிடைக்கவில்லை. ஆகவே அழுகை தொடங்கிய பிறகு மாட்டுவதைவிட, மதியத்திலிருந்தே அவ்வப்போது மாட்டிப் பாருங்கள், மாட்டிக்கொண்டு நடங்கள், உட்கார்ந்தபடி வைத்திருப்பதைவிட நடந்தால்தான் பிள்ளை சீக்கிரம் அடங்கும். கைச்சூடு பழகிவிடும் என்பதை நான் ஏற்கமாட்டேன், இரண்டரை மாதக் குழந்தைக்குக் கெட்ட பழக்கம் என்று ஒன்று கிடையாது. காய்ச்சல், பால் குடிக்காமை, பச்சையாக வாந்தி, இவற்றோடு அழுகை வந்தால் மட்டும் கேரியரைத் தேடாமல் டாக்டரிடம் ஓடுங்கள்.

எவ்வளவு நேரம் என்றால், ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது இறக்கி, காலை உதைக்க விடுங்கள், விழித்திருக்கும்போது கொஞ்ச நேரம் குப்புறப் போடுங்கள். அவளை மாட்டிக்கொண்டே நீங்கள் படுத்துத் தூங்கிவிடக் கூடாது. உங்கள் தையல் ஆறியிருக்கும், இருந்தாலும் இடுப்புப் பட்டை தழும்பின் மேலேயே அழுந்தாமல் சற்று மேலே ஏற்றிக் கட்டுங்கள். கீழே கிடப்பதை எடுக்க முட்டியை மடக்குங்கள், இடுப்பை வளைத்துக் குனிந்தால் பிள்ளையும் சரியும், உங்கள் முதுகும் போகும். தையலில் வலியோ கசிவோ இருந்தால் தூக்கும் வேலையைக் கணவரிடம் கொடுத்துவிடுங்கள், அவருக்குத்தான் ஆசை இருக்கிறதே.

ஆனால் வெளியே பார்க்கிற மாதிரி இப்போது கூடாது. தலை நன்றாக நின்ற பிறகு, ஐந்தாறு மாதத்துக்கு மேல், கேரியர் அதற்கு இடம் கொடுத்தால், விழித்திருக்கும்போது கொஞ்ச நேரம் மட்டும். தூங்கிவிட்டால் உடனே உள்பக்கம் திருப்புங்கள்.

ஸ்கூட்டருக்கு என் பதில் ஒரேயடியாக வேண்டாம். பிரேக் அடித்தால் முன்னால் மாட்டிய பிள்ளை உங்கள் கணவரின் நெஞ்சுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவில் நசுங்கும், பின்சீட்டில் நீங்கள் மாட்டிக்கொண்டாலும் விழுந்தால் குழந்தைக்குப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. மத்திய அரசு 2022-ல் கொண்டுவந்த விதி, நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குப் பாதுகாப்புப் பட்டையும் 40 கிலோமீட்டர் வேக வரம்பும், ஒன்பது மாதத்திலிருந்து ஹெல்மெட்டும் கேட்கிறது. இரண்டரை மாதக் குழந்தையின் தலைக்குப் பொருந்துகிற ஹெல்மெட்டே கிடையாது. கடையில் வாங்கும் பேபி கேரியர் அந்தப் பட்டைக்கு ஈடாகாது. காரிலும் இது பேபி சீட்டுக்கு மாற்றல்ல. 14-வது வார ஊசிக்குப் போக ஆட்டோ பிடியுங்கள், ஆட்டோவிலும் கேரியரில் விட்டுவிடாமல் கையால் அணைத்துக்கொள்ளுங்கள். ஊசியைத் தொடையில்தான் போடுவார்கள், அன்று முழுக்க அந்த இடம் வலிக்கும், வீட்டுக்கு வந்ததும் கேரியரில் போட்டு அழுத்தாமல் அன்று ஒரு நாள் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.