ஊசி போட்டாச்சு, கரண்ட் எப்போது?

கேள்வி: அப்பாவுக்கு வயது 68. கவுந்தப்பாடிப் பக்கம் கரும்பு விவசாயம், சொந்தமாக நாட்டுச்சர்க்கரை ஆலையும் ஓட்டுகிறார். ஒன்னுக்குப் போகச் சிரமம் என்று காட்டியதில் புராஸ்டேட் (மூத்திரப்பைக்குக் கீழே ஆண்களுக்கு இருக்கும் சுரப்பி) புற்றுநோய் என்று தெரிந்தது. ரத்தத்தில் பார்க்கும் பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் சுரக்கும் புரதம்) 42, நோயின் வீரியத்தைக் காட்டும் கிளீசன் ஸ்கோர் 8. எங்கும் பரவவில்லை, ஆனால் ‘ஹை ரிஸ்க்’ என்கிறார்கள். மூன்று மாதம் வேலை செய்யும் ஹார்மோன் ஊசி போட்டுவிட்டு, இரண்டு மாதம் கழித்துத்தான் கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) என்றார் டாக்டர். “புத்துநோயை வெச்சுக்கிட்டு எதுக்குக் காத்திருக்கோணும்?” என்று பங்காளிகள் சத்தம் போடுகிறார்கள். இப்போது பி.எஸ்.ஏ. 3-க்கு வந்துவிட்டது. “அதான் கொறஞ்சிருச்சே, கரண்ட் எதுக்கு?” என்கிறார் அப்பா. யார் சொல்வது சரிங்க?
– வாசகர், ஈரோடு மாவட்டம்

பதில்: டாக்டர் சொல்வதுதான் சரி. பங்காளிகளிடம் சொல்லுங்கள், இங்கே யாரும் காத்திருக்கவில்லை. ஊசி போட்ட அன்றே சிகிச்சை தொடங்கிவிட்டது. இந்த நோய்க்குத் தீனியே ஆண் ஹார்மோன்தான். விதையில் அது சுரப்பதை ஊசி நிறுத்துகிறது. (சில ஊசிகளில் முதல் ஓரிரு வாரம் சுரப்பு ஏறிவிட்டுத்தான் இறங்கும். அதற்காகவே கூட ஒரு மாத்திரை கொடுப்பார்கள்.) இரண்டு மூன்று மாதத்தில் சுரப்பி சுருங்கும். கரண்ட் பட வேண்டிய இடம் சிறிதாகும், மூத்திரப்பைக்கும் மலக்குடலுக்கும் சேதாரம் குறையும். சில டாக்டர்கள் இரண்டையும் ஒன்றாகவே தொடங்குவார்கள். அதுவும் தப்பில்லை.

அப்பாவின் கேள்விதான் எனக்குக் கவலை. நான் கதிர்வீச்சுப் பிரிவில் வேலை பார்த்த காலத்தில், பி.எஸ்.ஏ. இறங்கிய சந்தோஷத்தில் கரண்டுக்கு வராமலே நின்றுவிட்டவர்கள் உண்டு. பி.எஸ்.ஏ. உற்பத்தியே அந்த ஹார்மோனை நம்பித்தான் இருக்கிறது. ஊசி போட்டால் எண் இறங்காமல் என்ன செய்யும்? நோய் அடங்கியிருக்கிறது, அழியவில்லை. ஸ்காண்டிநேவிய நாடுகளில் 875 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2009-இல் வெளியானது. ஹார்மோன் மருந்து மட்டும் எடுத்தவர்களில் 10 ஆண்டுகளில் இந்த நோயால் இறந்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 24 பேர். கரண்டும் சேர்த்து வைத்தவர்களில் 12 பேர். இதை அப்பாவிடம் அப்படியே படித்துக் காட்டுங்கள்.

அப்புறம், பங்காளிகள் கேட்காத, ஆனால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: கரண்ட் முடிந்த பிறகு ஊசி எத்தனை நாள்? ஐரோப்பிய ஆய்வு ஒன்றில், கரண்ட் தொடங்கிய முதல் நாளே ஊசியையும் தொடங்கி 3 ஆண்டு போட்டார்கள். 10 ஆண்டு கழித்து அவர்களில் 58 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். கரண்ட் மட்டும் வைத்தவர்களில் 40 சதவீதம்தான். ஆகவே முன்னால் இரண்டு மாதமா மூன்று மாதமா என்று மல்லுக்கட்டுவதைவிட, பின்னால் ஊசியை விடாமல் போடுவதுதான் பெரிய விஷயம். அப்பாவைப் போன்றவர்களுக்குப் பொதுவாக ஒன்றரை முதல் மூன்று ஆண்டு. ஆலை ஓடும் சீசன் என்று தேதியைத் தள்ளிப் போடக் கூடாது.

கிளீசன் 8, பி.எஸ்.ஏ. 40-க்கு மேல் என இரண்டும் சேர்ந்திருப்பதால், ஆண் ஹார்மோனை இன்னும் அடக்கும் அபிராடெரோன் மாத்திரையை இரண்டு ஆண்டு சேர்க்கலாமா என்றும் டாக்டரிடம் கேளுங்கள். இப்படிப்பட்டவர்களுக்கு அது பலன் தந்ததை 2022-இல் வந்த பிரிட்டன் ஆய்வு காட்டியது. ரத்த அழுத்தம், பொட்டாசியம், ஈரல் மூன்றையும் கவனித்துக்கொண்டே கொடுக்க வேண்டிய மருந்து அது.

ஊசியால் கொப்பரைப் பக்கம் நிற்காமலே அப்பாவுக்கு வேர்த்துக் கொட்டும். எலும்பும் சதையும் கரையும், ரத்தச் சர்க்கரை ஏறும். பாகு ருசி பார்ப்பதை வேறு ஆளிடம் விடச் சொல்லுங்கள். எலும்பு அடர்த்திப் பரிசோதனை ஒன்று எடுத்துவிடுங்கள். தினமும் நடக்கட்டும், தூக்க முடிந்த எடையைத் தூக்கட்டும். தாம்பத்திய ஆசையும் போய்விடும். அதை நீங்கள் சொல்ல வேண்டாம். அடுத்த முறை அம்மாவையும் கூட்டிப் போங்கள், டாக்டரே இருவரிடமும் பேசட்டும்.