வசம்பு பூக்கிறது, ஆனால் விதை பிடிப்பதில்லை. ஏன்?

செடிக்கு நோயோ சத்துக் குறைவோ இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். காரணம் அதுவல்ல, குரோமோசோம் கணக்கு.

வசம்பின் அடிப்படை எண், அதாவது ஒரு தொகுதியில் இருக்கும் குரோமோசோம்கள், 12. 24 குரோமோசோம் கொண்டது இருமய வகை, 36 என்றால் மும்மய வகை, 48 என்றால் நான்மய வகை. விதை பிடிக்காதது 36 உள்ள வகை.

மகரந்தம் உருவாகும்போது குரோமோசோம் எண்ணைப் பாதியாக்கும் குன்றல் பகுப்பு நடக்கும். அதில் ஒத்த குரோமோசோம்கள் ஜோடி சேர்ந்து, பிறகு செல்லின் இரு முனைகளான துருவங்களுக்கு ஆளுக்கொன்றாகப் பிரிய வேண்டும். இங்கே ஒவ்வொன்றுக்கும் மூன்று பிரதிகள் இருக்கின்றன. சில இடங்களில் மூன்றும் சேர்ந்து நிற்கும், சில இடங்களில் இரண்டு சேர்ந்து ஒன்று தனித்துவிடும். பன்னிரண்டு மூன்று-பிரதிக் கூட்டங்களும் இரண்டு, ஒன்று என்று பிரிந்தாலும், ஒரு துருவத்துக்குச் சரியாக 12 அல்லது 24 போய்ச் சேரும் வாய்ப்பு 2048-ல் ஒன்றுதான். தனித்து நின்றவை நடுவிலேயே பின்தங்கி, முக்கிய உட்கருவில் சேராமல் சிறு நுண்உட்கருக்களாக ஒதுங்கிவிடும். இப்படிக் கணக்குக் குழம்பிய மகரந்தம் பெரும்பாலும் சுருங்கி வீணாகிறது. சூல்முட்டைக்கும் இதே கதிதான்.

சரி, அப்புறம் எப்படிப் பரவுகிறது? கிழங்கால்தான். சாதாரண செல் பகுப்பில் ஜோடி சேர வேண்டியதில்லை என்பதால் 36-ம் பிசகாமல் நகலாகிவிடும்.

மருந்துக்குப் பயன்படுத்துபவர்கள் ஒன்றை அவசியம் கவனிக்க வேண்டும். எலிகளில் புற்றுநோய் உண்டாக்கிய பீட்டா அசரோன் என்ற வசம்பு எண்ணெய் வேதிப்பொருள் நான்மய வகையில்தான் மிக அதிகம். வட அமெரிக்க இருமய வகையில் இல்லவே இல்லை எனலாம். செடியின் பெயரோடு குரோமோசோம் எண்ணையும் கேளுங்கள்.