மூன்று மாதக் கெடுவை மறக்காதீர்கள்

கேள்வியின் சுருக்கம்: தங்கையின் கணவர் ஓட்டல் ஒன்றின் செப்டிக் டேங்கில் இறங்கி, விஷவாயு தாக்கி இறந்து ஏழு வாரமாகிறது. முதலாளி சாவுக்குக்கூட வரவில்லை. "குடித்துவிட்டுத் தவறி விழுந்தார்" என்கிறார். 4 லட்சம் தருவதாகச் சொல்லி, கான்ட்ராக்டர் முத்திரைத்தாளோடு வந்து நிற்கிறார்.

பதில்: முதலாளி மாலை போட்டாரா என்று கோர்ட் கேட்காது. குடித்திருந்தாரா என்பதும் இரண்டாம்பட்சம். பாதுகாப்பு ஏற்பாடில்லாமல் ஆளை டேங்கில் இறக்குவதையே மனிதக் கழிவை மனிதரே அள்ளுவதைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7-ஆவது பிரிவு தடை செய்கிறது, நேரடியாக இறக்கினாலும் கான்ட்ராக்டரை வைத்து இறக்கினாலும். ஆக, கேள்வி ஒன்றுதான்: அவரை வரச் சொன்னது யார்? அன்று காலை வந்த அழைப்பு அவருடைய செல்ஃபோனில் இருக்கும். பிள்ளைகள் கேம் விளையாடக் கொடுக்காமல் அதைப் பத்திரப்படுத்துங்கள்.

என் கவலை வேறு. அதே சட்டத்தின் 10-ஆவது பிரிவுப்படி, சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் புகார் போயிருக்க வேண்டும். "காரியம் முடியட்டும்", "ஆடி கழியட்டும்" என்று எதிர்த்தரப்பு நயமாக இழுப்பது இதற்காகவும்தான். நம்பிக் காத்திருந்து கெடுவைக் கோட்டைவிட்ட குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். எஃப்.ஐ.ஆர். நகலை எடுத்துப் பாருங்கள். சந்தேக மரணம் என்று பி.என்.எஸ்.எஸ். (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 194-ஆவது பிரிவை மட்டும் போட்டிருந்தால், இதுவரை யார்மீதும் வழக்கு இல்லை. 2013 சட்டப் பிரிவுகளைச் சேர்க்கச் சொல்லி இந்த வாரமே மனு கொடுங்கள். ஸ்டேஷன் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் தனிப்புகார், அதுவும் கெடுவுக்குள்.

அப்புறம் அந்த முத்திரைத்தாள். கடைசிப் பத்தியில் "சொந்த விருப்பத்தில் இறங்கினார், யாரும் பணிக்கவில்லை" என்று ஒரு வரி இருக்கும். 4 லட்சம் அந்த வரிக்குத்தான். உங்கள் தங்கையே கையெழுத்திட்ட பிறகு அதை உடைப்பது பெரும்பாடு.

சமாதானம் வேண்டாம் என்று சொல்லவில்லை. சாக்கடை மரணங்களுக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது. பேச்சை அங்கிருந்து தொடங்குங்கள், ஆட்சியருக்கும் மனு போடுங்கள். அதையொட்டிய தொகை வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். மன்னிப்புக் கேட்கவில்லை என்று வருஷக்கணக்கில் இழுக்க வேண்டாம். பணம் வங்கி வழியாக வரட்டும், ரசீதில் தொகை மட்டும் இருக்கட்டும். வழக்கை வாபஸ் வாங்குவதாக எழுதித் தராதீர்கள். அது அரசு நடத்தும் வழக்கு. இறந்தவரின் அம்மா உயிரோடு இருந்தால் அவருக்கும் பங்கு உண்டு. அவரை விட்டுவிட்டுப் பேசி முடித்தால் அடுத்த வழக்கு உங்கள் குடும்பத்துக்குள்தான்.