ஜனவரியில் வள்ளுவர் சிலைக்குப் பின்னால் வந்த சூரியன் ஜூனில் ஏன் வரவில்லை?

ஜனவரியில் கன்னியாகுமரியில் சிலைக்குப் பின்னால் சூரியன் உதிப்பதைப் படமெடுத்தீர்கள்; ஜூனில் அதே இடத்தில் நின்றும் சூரியன் அங்கே வரவில்லை, வானமும் சாம்பலாக இருந்தது என்கிறீர்கள். நீங்கள் நின்ற இடம் சரிதான், சூரியன்தான் தள்ளிப் போயிருக்கிறது. கன்னியாகுமரியில் டிசம்பர் கடைசியில் நேர்கிழக்கிலிருந்து சுமார் 24 டிகிரி தெற்கே உதிக்கும். ஜூன் கடைசியில் அதே அளவு வடக்கே. உங்கள் ஜனவரிப் படத்தில் சிலை தெற்கே தள்ளித்தான் இருக்கிறது. அதே படம் வேண்டுமென்றால் திரும்பவும் குளிர்காலத்தில்தான் போக வேண்டும்.

முதல் நாள் மாலையே அங்கே நின்று போன் திசைகாட்டியில் சிலையின் திசையைப் பாருங்கள். இரும்புக் கைப்பிடிக்குப் பக்கத்தில் வேண்டாம், முள் பிசகும். 114 டிகிரிக்கு (நேர்கிழக்கு 90, அதோடு 24) மேல் காட்டினால் எந்த மாதமும் அந்த இடத்திலிருந்து சூரியன் சிலைக்குப் பின்னால் உதிக்காது. கரையோரமாகத் தெற்கே நகருங்கள்.

சாம்பல் வானம் தென்மேற்குப் பருவமழையின் வேலை. ஆனால் அந்தப் படங்களை அழித்துவிடாதீர்கள், ஜூன் மேகத்துக்குத் தனி அழகு உண்டு. அடுத்த முறை எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் (அதாவது ஒளியைப் பாதியாக) குறைத்துப் பாருங்கள். வெள்ளையாக வெளிறிப்போகும் மேகத்தில் மடிப்பு மடிப்பாக நிழல் தெரியும்.

ஒன்று மட்டும் கவனம். ஏப்ரல், மே மாதங்களில் காற்றே இல்லாமல் வானம் தெளிவாக இருக்கும்போதும் கள்ளக்கடல், அதாவது தொலைதூரக் கடலில் கிளம்பி வரும் பெரிய அலை, திடீரென்று ஏறிவரும். இன்காய்ஸ் (இந்தியக் கடல்சார் தகவல் மையம்) எச்சரிக்கை இருந்தால் பாறையில் இறங்கவே வேண்டாம்.