லெட்டர்ல சூப்பர்வைசர், வேலை லோடு இறக்குறது: நோட்டீஸ்ல எதை எழுதுறது?

வாசகர் எழுதினது சுருக்கமா: பி.காம் முடிச்சிட்டு ஒரு தனியார் குடோன்ல 6 வருஷம் வேலை. அப்பாயின்ட்மென்ட் லெட்டர்ல "ஸ்டோர்ஸ் சூப்பர்வைசர்"னு இருக்கு, ஆனா நாள் பூரா லாரியில லோடு இறக்குறதும் பெட்டி அடுக்குறதும்தான். சம்பளம் 24,000, கன்சாலிடேட்டட்னு ஒரே தொகை. சம்பளம் கூட்டி கேட்டதுக்கு ஓனர் எல்லார் முன்னாடியும் "டிகிரி வாங்கியும் மூட்டை தூக்குற பொழப்புதானே"ன்னு திட்டிட்டு நாளையிலருந்து வராதேன்னுட்டார். அது நடந்து 1 மாசம் ஆச்சு. 2 மாச சம்பளம் பாக்கி. ராஜினாமா எழுதி குடுத்தா மொத்தமா 1 லட்சம் தர்றேங்கறாங்க. மானநஷ்ட வழக்கு போடலாமா, படிப்புக்கேத்த சம்பளம் கேக்கலாமா? கூடவே அவரே எழுதின ஒரு நோட்டீஸ் டிராஃப்ட்.

தம்பி, மூணு பக்கம் எழுதிருக்கீங்க, அதுல ரெண்டரை பக்கம் அவர் திட்டினது. வலிக்கும்தான், இல்லன்னு சொல்லல. ஆனா கேஸுக்கு அது உதவாது. சாதி பேர சொல்லி நாலு பேர் முன்னாடி திட்டியிருந்தா அது வேற சட்டம், வேற வழி, நீங்க அப்படி எதுவும் எழுதல. வெறும் வாய் வார்த்தைக்கு மானநஷ்டம்னு போனா வருஷக்கணக்கா வாய்தாவுக்கு அலைவீங்க, சாட்சி சொல்ல வேண்டியவங்க எல்லாம் இன்னும் அதே குடோன்ல சம்பளம் வாங்குறவங்க, ஒருத்தரும் வரமாட்டாங்க. விடுங்க.

படிப்புக்கேத்த சம்பளம், அதுவும் நடக்காது. குறைந்தபட்ச கூலிய செய்யுற வேலையோட திறனை வச்சுதான் நிர்ணயிக்கிறாங்க, கையில இருக்கிற சர்டிபிகேட்ட வச்சு இல்ல. டிகிரி இல்லாத ஆள் பக்கத்துல நின்னு அதே பெட்டிய தூக்கினா அவருக்கும் உங்களுக்கும் ஒரே ரேட்டு, அதுல அநியாயம் எதுவும் எனக்கு தெரியல. சம வேலைக்கு சம ஊதியம்னு 2016ல சுப்ரீம் கோர்ட் சொன்னது அரசு தற்காலிக ஊழியர் விஷயத்துல, அத தூக்கிட்டு வந்து இங்க வைக்க முடியாது.

இப்ப விஷயத்துக்கு வரேன். உங்க கேஸ்ல சட்டப்படி ஒரே ஒரு கேள்விதான்: நீங்க தொழிலாளியா இல்லையா? சட்டம் சொல்ற அர்த்தத்துல.

2025 நவம்பர் 21லருந்து புது தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்தாச்சு. வேலைய விட்டு நிறுத்தினதுக்கு லேபர் ஆபீஸ், டிரிப்யூனல்னு போகணும்னா நீங்க தொழிலாளியா இருக்கணும். நிர்வாகப் பொறுப்புல இருக்கிறவர் எவ்வளவு சம்பளம் வாங்கினாலும் தொழிலாளி கிடையாது. சூப்பர்வைசர் வேலை பாக்குறவர் மாசம் 18,000க்கு மேல ஊதியம் வாங்கினா தொழிலாளி கிடையாது (பழைய சட்டத்துல அது 10,000). கையால வேலை பாக்குறவருக்கு இந்த வரம்பே இல்ல, 50,000 வாங்கினாலும் தொழிலாளிதான். உங்க 24,000 பேசிக், வீட்டு வாடகைப்படின்னு பிரிச்சு போட்டிருந்தா ஊதியம்ங்கற கணக்கு 18,000க்கு கீழ கூட வந்திருக்கலாம், ஒரே தொகையா போட்டதால அந்த வழியும் அடைச்சிருச்சு. அந்த லெட்டர அடிச்சவங்க யோசிக்காம அடிச்சாங்கன்னு நான் நினைக்கல.

நல்லவேளை, கோர்ட் பட்டத்த பாக்காது, உண்மையில பிரதானமா என்ன வேலை பாத்தீங்கன்னுதான் பாக்கும், இது ரொம்ப காலமா நிலைச்சு போன விஷயம். ஆனா அத நிரூபிக்க வேண்டியது நீங்க.

இங்கதான் உங்க டிராஃப்ட் பயமுறுத்துது. "மேற்படி நிறுவனத்தின் ஸ்டோர்ஸ் நிர்வாகம் முழுவதையும் நானே கவனித்து, எனக்குக் கீழ் ஒன்பது பேரை வைத்து வேலை வாங்கி வந்தேன்"னு எழுதிருக்கீங்க. எதுக்கு எழுதினீங்கன்னு புரியுது, மூட்டை தூக்குறவன்னு சொன்னவருக்கு பதில் சொல்லணும்னு ஒரு வைராக்கியம். ஆனா அந்த ஒரு வரிய வச்சு எதிர்தரப்பு வக்கீல் உங்க கேஸ முடிச்சிருவார், அவர் வேற எதுவும் நிரூபிக்க வேண்டாம், நீங்களே கையெழுத்து போட்டு குடுத்துட்டீங்க.

இத நான் கோர்ட்ல கண்ணால பாத்திருக்கேன், அதுவும் படிச்ச பசங்ககிட்டதான். குறுக்கு விசாரணையில ரொம்ப மரியாதையா கேப்பாங்க. சார் நீங்க பட்டதாரிதானே? ஆமா. உங்களுக்கு கீழ எத்தனை பேர்? ஒன்பது பேர் சார். அவங்க லீவு கேட்டா யாரு குடுப்பா? நான்தான். லேட்டா வந்தா? நான்தான் கண்டிப்பேன். ஒவ்வொரு பதிலுக்கும் நம்மாளு கூண்டுல நிமிர்ந்து நிப்பார், நான் கீழ உக்காந்து தலையில கை வச்சுக்கணும். உண்மை என்னன்னா லீவு லெட்டர வாங்கி ஆபீஸ்ல குடுத்துட்டு வர்றதுதான் அவர் வேலை, சரின்னு சொல்றது வேற ஆளு. அத சொல்றதுக்கு வாய் வரல. தொழிலாளி இல்லன்னு ஆர்டர் ஆச்சுன்னா மனு அதோட காலி, நிறுத்தினது சரியா தப்பான்னு யாரும் பாக்கவே மாட்டாங்க.

மூட்டை தூக்குறேன்னு எழுதுறதுக்கு வெக்கப்படுற உங்களுக்கு ஒரு தகவல். 1988ல சுந்தராம்பாள் வழக்குல சுப்ரீம் கோர்ட் டீச்சர் தொழிலாளி இல்லன்னு சொல்லிருச்சு. அதாவது வேலைய விட்டு எடுத்தா டீச்சரால லேபர் கோர்ட் போக முடியல, அதே ஸ்கூல்ல பெருக்கி கூட்டுற அம்மா போகலாம். எழுத்து வேலைக்கும் டெக்னிகல் வேலைக்கும் கூட இந்த பாதுகாப்புல இடம் இருக்கு, ஆனா உங்க விஷயத்துல கைகொடுக்கிறது கையால உழைச்சதுதான். உங்க ஓனர் எதை சொல்லி கேவலப்படுத்தினாரோ அதுதான் உங்க கேஸோட பலமே.

அதனால நோட்டீஸ்ல உள்ளத உள்ளபடி எழுதுங்க: லோடு இறக்கினேன், அடுக்கினேன், எண்ணி எழுதி வச்சேன், ஆள் எடுக்கவோ நிறுத்தவோ லீவு குடுக்கவோ எனக்கு அதிகாரம் இல்ல. அதுக்கு ஆதாரம் "லாரி வந்துருச்சு, இறக்க வா"ன்னு வந்த வாட்ஸ்அப் மெசேஜ்தான், வேற எந்த பேப்பரையும் விட பெருசு. அந்த போன மாத்தாதீங்க, எக்சேஞ்ச்ல குடுத்துராதீங்க, பின்னாடி எலெக்ட்ரானிக் ஆதாரத்துக்கு சான்று போட்டு தாக்கல் பண்ணணும். லிங்க்ட்இன்ல "மேனேஜர்"னு போட்டிருந்தீங்கன்னா, கல்யாண பயோடேட்டாவுல அப்படி குடுத்திருந்தீங்கன்னா, பேங்க் லோன் பாரத்துல எழுதியிருந்தீங்கன்னா எனக்கு முன்னாடியே சொல்லணும், இப்ப அவசர அவசரமா அழிக்கிற வேலை வேண்டாம், அவங்க ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சிருப்பாங்க, அழிச்சது இன்னும் கேவலமா தெரியும். ஒருவேளை நெஜமாவே லீவு குடுக்குற அதிகாரம் உங்ககிட்டதான் இருந்துதுன்னா அதையும் மறைக்காம சொல்லுங்க, அப்ப சிவில் கோர்ட்ல நோட்டீஸ் கால சம்பளத்துக்கு நஷ்டஈடுன்னு வேற வழிதான், பொய்ய வச்சு லேபர் கேஸ் நடத்த நான் ஆள் இல்ல.

அடுத்தது அந்த ராஜினாமா. அதுல கையெழுத்து போட்டா உங்கள நிறுத்தினாங்கங்கற பேச்சே போச்சு. 2 மாச சம்பளம் 48,000. கிராஜுட்டி (பணிக்கொடை) வருஷத்துக்கு 15 நாள் சம்பளம், மாசத்த 26 நாளா வச்சு கணக்கு: 24,000 பெருக்கல் 15 வகுத்தல் 26 பெருக்கல் 6, அது 83,000 சொச்சம். இந்த ரெண்டும் ராஜினாமா பண்ணாலும் வரும், சூப்பர்வைசர்னாலும் வரும், ஆக 1,31,000 ஏற்கனவே உங்க பணம். அவர் தர்றேங்கற 1 லட்சம் அதுக்கும் கம்மி! சம்பள பாக்கிய குடுத்தாச்சுன்னு நிரூபிக்க வேண்டியது முதலாளி பொறுப்பு, மனு போட 3 வருஷம் டைம் இருக்கு, அதுல பயம் இல்ல. தொழிலாளின்னு ஆனா மட்டும் வர்றது ஆட்குறைப்பு நஷ்டஈடு, வருஷத்துக்கு 15 நாள் கணக்குல 72,000, கூட 1 மாச நோட்டீஸ் சம்பளம் 24,000. மொத்தம் 2,27,000 கிட்ட.

திரும்ப வேலைக்கு சேத்துக்கணும்னு கேக்கலாம், கேளுங்க, ஆனா இப்பல்லாம் கோர்ட் பெரும்பாலும் ஒரு தொகைய குடுத்து அனுப்பிருது. அதுக்கு நாலஞ்சு வருஷம் ஆகலாம், அதுக்கப்புறம் அவங்க ஹைகோர்ட் போவாங்க. உங்க வயசுக்கு அது வேண்டாத வேலை. என்னை கேட்டா லேபர் ஆபீஸ்ல சமரச அதிகாரிகிட்ட மனு போடுங்க (2 வருஷத்துக்குள்ள போடணும், பழைய சட்டத்துல 3 இருந்துது, அத நம்பி உக்காந்துராதீங்க), 2,27,000 கேளுங்க, 1,80,000 வந்தா வாங்கிட்டு வேற வேலைக்கு போங்க. 1,31,000க்கு கீழ பேச்சே வேண்டாம்.

ஒப்பந்தம் போட்டா அதிகாரி முன்னாடிதான் போடணும், ஓனர் ரூம்ல இல்ல. சம்பளம் இவ்வளவு, கிராஜுட்டி இவ்வளவு, நஷ்டஈடு இவ்வளவுன்னு தனித்தனியா எழுத சொல்லுங்க, "இனி எந்த பாக்கியும் இல்லை"ன்னு மொத்தமா ஒரு வரி மட்டும் இருந்தா போடாதீங்க. ராஜினாமாங்கற வார்த்தைக்கு பதிலா "பணி முடிவுக்கு வந்தது"ன்னு போட சொல்லுங்க, அனுபவ சான்றிதழும் ஒரிஜினல் மார்க்‌ஷீட்டும் அவங்ககிட்ட இருந்தா அன்னைக்கே கையில வாங்கிருங்க. பணம் டிடியா வரட்டும். செக்னா அது பாஸ் ஆன அப்புறம் கையெழுத்து.