ராபர்ட்டோ கிளெமென்டே: கேள்வி பதில்

கேள்வி: பாப் கிளெமென்டே பேஸ்பாலுக்கு எப்படி வந்தார்?

பதில்: முதலில் பெயர். அவர் ராபர்ட்டோ. 'பாப்' என்பது அமெரிக்கப் பத்திரிகைகளும் பேஸ்பால் அட்டைகளும் ஒட்டிய பெயர்; அவருக்கு அது பிடிக்கவே இல்லை. போர்ட்டோ ரிக்கோவின் கரோலினாவில் 1934-இல் பிறந்தார். அப்பா கரும்புத் தோட்ட மேஸ்திரி. 1954-இல் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அவரை எடுத்து, மான்ட்ரியாலில் இருந்த தன் இளநிலை அணிக்கு அனுப்பியது. அங்கே பெரும்பாலும் உட்காரவைத்தார்கள். அந்த வருடக் கடைசியில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அவரைத் தட்டிக்கொண்டு போனது. அப்புறம் 18 சீசன், ஒரே அணி.

கேள்வி: சராசரி 0.317தானாமே, குறைவாக இல்லையா?

பதில்: கிரிக்கெட் சராசரியோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். பந்தை அடித்துவிட்டு ஓடி, முதல் பேஸையாவது (ஓட்டத்தில் தொட வேண்டிய இடம்) பத்திரமாக எட்டினால் அது ஒரு ஹிட். மட்டை பிடிக்கும் பத்துத் தடவையில் மூன்று ஹிட் அடிப்பவரே பெரிய ஆட்டக்காரர். நான்கு வருடம் நேஷனல் லீகில் (அமெரிக்காவின் இரண்டு பெரிய பேஸ்பால் லீகுகளில் ஒன்று) இவர் சராசரிதான் முதலிடம்.

கேள்வி: மறக்கவே முடியாத ஆட்டம் எது?

பதில்: 1956 ஜூலை 25, ஃபோர்ப்ஸ் ஃபீல்ட் மைதானம். கடைசி இன்னிங்ஸ். சிகாகோ கப்ஸ் 8-5 என்று முன்னிலை. மூன்று பேஸிலும் பைரேட்ஸ் ஆட்கள். முதல் பந்தையே அடித்தார். பந்து மைதானத்தைத் தாண்டவில்லை. மூன்றாம் பேஸ் அருகே மேலாளர் கையை உயர்த்தி "நில்" என்கிறார். இவர் நிற்கவில்லை. பேஸில் இருந்த மூவரும் முன்னே வந்து சேர, இவரும் ஓடி, சறுக்கி, ஓட்டம் முடியும் இடமான ஹோமைத் தொட்டார். நான்கு ரன், 9-8. மூன்று பேஸும் நிறைந்திருக்க, பந்து உள்ளேயே கிடக்க, இப்படி ஓடியே வென்ற ஆட்டம் வேறு இல்லை.

கேள்வி: பாப் 3,000-மாவது ஹிட் அடித்தது எப்போது?

பதில்: ராபர்ட்டோ. 1972 செப்டம்பர் 30. பிளேஆஃப் ஆட்டங்களைச் சேர்க்காமல் பார்த்தால், வழக்கமான சீசனில் அதுவே அவருடைய கடைசி ஹிட்.

கேள்வி: 1972 கடைசியில் விமான விபத்தில் இறந்தாரே, உடல் கிடைத்ததா?

பதில்: இல்லை.

கேள்வி: அளவுக்கு மீறிச் சுமை ஏற்றிய விமானத்தில் ஏறியது அசட்டுத் துணிச்சல்தானே?

பதில்: 1972 டிசம்பர் 23-இல் நிகராகுவாவின் மனாகுவா நகரை நிலநடுக்கம் தரைமட்டமாக்கியது. அதற்குச் சில வாரம் முன்புதான் ஓர் அணியை அழைத்துக்கொண்டு அங்கே போய் வந்திருந்தார். ஊர் ஊராக நிவாரணம் திரட்டி அனுப்பினார். அனுப்பிய பொருளை, நிகராகுவாவின் சர்வாதிகாரி சொமோசாவின் படையினர் அபகரிக்கிறார்கள் என்று செய்தி வந்தது. தான் நேரில் நின்றால் யாரும் கைவைக்க மாட்டார்கள் என்று நம்பினார். அதனால்தான் டிசம்பர் 31 இரவு ஏறினார்.

அதே நண்பர்: வீட்டில் மூன்று சின்னப் பையன்கள் இருக்கும்போதுமா?

பதில்: ஆமாம், அந்த வலி எனக்கும் உண்டு. ஆனால் சுமையைக் கணக்கிடுவதும், ஓட்டைப் பழைய டிசி-7 விமானத்தைச் சரிபார்ப்பதும் அதை நடத்தியவர்கள் வேலை. அந்த மாதத் தொடக்கத்தில்தான் அது ஒரு விபத்தில் அடிபட்டிருந்தது. அரிசிக்கும் மருந்துக்கும் காவல் போனவர்மேல் பழியைத் தூக்கிப் போடுவதை நான் ஏற்க மாட்டேன். சான் ஹுவானிலிருந்து கிளம்பிய சற்று நேரத்தில் கடலில் விழுந்தது. ஐந்து பேரும் போனார்கள்.

கேள்வி: பேஸ்பால் சாதனையாளர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் எப்போது சேர்த்தார்கள்?

பதில்: 1973. ஐந்து வருடக் காத்திருப்பு விதியை அவருக்காகத் தளர்த்தினார்கள்.

கேள்வி: உடலைத் தேடினார்களா, கிடைத்ததா?

பதில்: கிடைக்கவில்லை என்று மேலேயே சொல்லிவிட்டேன், தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள். தேடியதைச் சொல்கிறேன். பைரேட்ஸ் அணியின் கேட்சர் (மட்டையாளருக்குப் பின்னால் பந்து பிடிப்பவர்) மானி சாங்கியென் அவருடைய உயிர் நண்பர். அஞ்சலிக் கூட்டத்துக்கு அணியினர் வந்து நின்றபோது அவர் மட்டும் அங்கே இல்லை. முக்குளிப்பவர்களோடு கடலில் இறங்கித் தேடிக்கொண்டிருந்தார்.